விசிறி நின்ற செவ்வாய்க்கிழமை

ஒரு குழந்தையிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அது பதில் சொல்லும்வரை உங்களால் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்? ஒரு நிமிடம்? கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். இருபது விநாடியில் நாக்கு துறுதுறுக்கும். நாற்பதாவது விநாடியில் அதட்டிவிடுவீர்கள். நம் வீடும் பள்ளிக்கூடமும் நமக்குப் பழக்கிவிட்டது அதைத்தான்.

கரேகுட்டா தாலுகா ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் நீலவ்வாவுக்குக் காத்திருக்கத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பிரசவ வார்டில் இருந்தவள். வலி வரும், நிற்கும், மறுபடி வரும். நடுவே அவசரப்பட்டவர்கள் கெடுத்த பிரசவங்களை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். துவரையும் கடலையும் விளைகிற அந்த வறண்ட தாலுகாவில், நாற்பது ஊர்களில் அவள் கையில் விழுந்த பிள்ளைகள் இன்று மீசை முளைத்துத் திரிகிறார்கள். அப்படிப்பட்டவளை ஒரு சமயம் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனது பிரசவ வார்டு நர்ஸ், திரும்பி வந்தது மனநல நர்ஸ்.

வார்டு பெருக்கும் உசேன்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இத்தனை நாளா வயித்துல இருந்து புள்ளைய எடுத்தீங்க. இனிமே தலையில இருந்து பேயை எடுப்பீங்களா நீலக்கா?"

"இருந்தாத்தானே எடுக்கிறதுக்கு? உன் தலையத் தொறந்து பார்த்தா ஒண்ணுமே இருக்காது உசேன்பி. காத்துதான் வரும்."

அப்போதெல்லாம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை டாக்டர் முக்தா பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து இறங்குவார். குழந்தைகளின் மனநலம் பார்க்கும் டாக்டர். ஏழாம் நம்பர் அறையில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து மரப்பொம்மை மிருகங்களைக் கொட்டுவார். பாதி நேரம் குழந்தையிடம் எதுவும் கேட்கவே மாட்டார். யானையை நகர்த்துவார், குழந்தை புலியை நகர்த்தும். மதியம் நீலவ்வா சோள மாவில் தட்டிக் கொண்டுவந்த ஜோள ரொட்டியையும் கடலைச் சட்னியையும் அதே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

பிறகு பெரிய நோய்க்காலம் வந்தது. பயணம் நின்றது. ஏழாம் நம்பர் அறை மேசையில் ஒரு டேப்லெட் வந்து உட்கார்ந்தது. நோய்க்காலம் போயிற்று. பயணம் மட்டும் திரும்பவில்லை. ஐந்து தாலுகாக்களை ஒரே டாக்டர், ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம் என்று மேலே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். வாராவாரம் செவ்வாய்க்கிழமை, ஒரு குழந்தைக்குப் பதினைந்து நிமிடம். அதைத் தாண்டினால் திரையின் மூலையில் சிவப்பில் எண் ஓடும். "ஒவ்வொரு தாலுகாவிலும் குழந்தை மனநல மருத்துவர்" என்று ஆஸ்பத்திரி வாசலில் பலகை மாட்டினார்கள். தாலுகாவுக்கு வந்து சேர்ந்தது மருத்துவரின் முகம் மட்டும். அதுவும் ஒரு சாண் அகலத்தில்.

டேப்லெட்டே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆளைக் கண்டாலே நடுங்கி, ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன் என்று அழுத பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, திரையிலிருந்த டாக்டரிடம் மடமடவென்று பேசினாள். அவளுக்கு அதுவே சௌகரியமாக இருந்தது. நீலவ்வா அதைப் பார்த்து மகிழ்ந்தாள். ஆனால் சின்னக் குழந்தைகள் வேறு. அவர்கள் வாயைவிட முழங்காலால் அதிகம் பேசுவார்கள். திரையில் முழங்கால் தெரியாது.

"சிஸ்டர், கால் என்ன பண்ணுது?"

"ஆடுது மேடம். வலது கால் மட்டும்."

"கை?"

"பாவாடை நுனியைத் திருகுது. மேடம், பாவாடை ஈரமா இருக்கு. வாடை வருது."

டாக்டருக்குக் கண்ணாகவும் மூக்காகவும் இருந்தாள் நீலவ்வா. அந்த ஐந்து நாள் பயிற்சியில் இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கரேகுட்டாவில் இணைப்பு நினைத்தபோது நிற்கும். சத்தமும் போய், படம் அப்படியே உறைந்துவிடும். உறைந்த படத்திடம் டாக்டர் முக்தா ஒருமுறை ஐந்து நிமிடம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி இணைப்பு வந்தபோது எதிரே காலி நாற்காலிதான் இருந்தது. உசேன்பி இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "பேசாத குழந்தைகளைத்தான் நான் பார்க்கிறேன் சிஸ்டர். அசையாம இருக்கா, படம் நின்னுபோச்சான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வழி கண்டுபிடித்தது நீலவ்வாதான். நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டாள். குழந்தையின் தலைக்குப் பின்னால் சுவர் விசிறி தெரிந்தது. அதன் கூண்டில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டிவிட்டாள். ரிப்பன் பறந்தால் படம் ஓடுகிறது, நின்றால் படம் நின்றது. லைனை இங்கிருந்துதான் திறக்க முடியும் என்பதால், ரிப்பன் நின்றதும் டாக்டர் அவளுடைய போனுக்கு ஒரு வரி அனுப்புவார், அவள் வெட்டிவிட்டு மறுபடி போடுவாள். இரண்டு வருஷம் அது கன கச்சிதமாக வேலை செய்தது. மற்ற நான்கு தாலுகாக்களுக்கும் டாக்டர் அதைச் சொல்லிக் கொடுத்தார். மாவட்டக் கூட்டத்தில் நீலவ்வாவுக்குக் கைதட்டினார்கள்.

சிவலீலாவை அவளுடைய அத்தை தேவக்கெம்மா கூட்டிக்கொண்டு வந்தது மே மாதத்தில். ஒன்பது வயது. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய சடை. நாற்காலியில் உட்கார்ந்தால் வைத்த சாமான் மாதிரி இருந்தாள்.

"ஜனவரியில இருந்து ஒரு வார்த்தை கிடையாதுக்கா. என் அண்ணனும் அண்ணியும் பெங்களூர்ல கட்டட வேலை. இவளும் தம்பியும் அங்கேதான் இருந்தாங்க. கட்டடத்துக்கு ஊத்தத் தண்ணி ரொப்பி வெச்சிருந்த பள்ளத்துல தம்பி விழுந்துட்டான். மூணு வயசு. இவதான் பார்த்துக்கிட்டு இருந்தா." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "அவன்தான் வந்து இவ நாக்குல உக்காந்திருக்கான்னு ஊர்ல சொல்றாங்க. மூணு இடத்துல தாயத்து கட்டியாச்சு. ஒருத்தன் நாக்குல சூடு வெக்கணும்னான்."

நீலவ்வாவின் முகம் சிவந்தது. "நாக்குல உக்கார அங்க என்ன நாற்காலியா போட்டிருக்கு? மூணு வயசுக் குழந்தை செத்தும் நிம்மதியா இருக்கக் கூடாதா உங்களுக்கு? சூடு வெக்கிறேன்னு சொன்னவனை இங்க கூட்டிட்டு வா. அவன் நாக்கை நான் பாக்கிறேன்."

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நாக பஞ்சமிப் பண்டிகைக்கு அண்ணன் வருவான். இவளைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிருவான். அதுக்குள்ள ஏதாச்சும் பேச வெச்சிருங்க. அங்க போனா யாரு பாப்பாங்க?"

பஞ்சமிக்குப் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள் இருந்தன.

முதல் மூன்று வாரம் சிவலீலா திரையைப் பார்க்கவே இல்லை. டாக்டர் முக்தா அங்கே தன் மேசையில் மரயானையை நகர்த்தினார், இங்கே நீலவ்வா புலியை நகர்த்தினாள். நான்காவது வாரம் சிவலீலா புலியைத் தன் கையால் எடுத்து யானைக்கு முதுகு காட்டி வைத்தாள். ஆறாவது வாரம் பென்சில் எடுத்தாள். ஒரு சதுரம் வரைந்தாள். அதற்குள் கறுப்பாக அடித்தாள், காகிதம் கிழிகிற வரைக்கும். டாக்டர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அடுத்த வாரத்துக்குப் புதுப் பென்சில் வேணும் சிஸ்டர், இது மொட்டையாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். சிவலீலாவின் உதட்டோரம் ஏதோ அசைந்ததை நீலவ்வா பார்த்தாள்.

சிவப்பு எண் ஓடும். டாக்டர் அதன்மேல் ஒரு சீட்டை ஒட்டி வைத்திருந்தார்.

ஒன்பதாவது வாரம் டாக்டர் சொன்னார்: "சிஸ்டர், எதைச் செய்யிறதுக்கு முன்னாடியும் அவ உங்க முகத்தைப் பார்க்கிறா. பெரியவங்க சம்மதம் கேக்கிறா. அடுத்த வாரத்துல இருந்து நீங்க வெளியில இருங்க. கதவுகிட்டேயே இருங்க." முறைதான். இதில் தவறு எதுவும் இல்லை.

பதினோராவது செவ்வாய்க்கிழமை ஜூலை மாதம், மேகம் மூடிக் கிடந்தது, புழுக்கம். நீலவ்வா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே டாக்டரின் குரல் கேட்டது.

"சிவலீலா, அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பத்தி உனக்கு ஏதாச்சும் சொல்லணுமா? இப்பவே சொல்லணும்னு இல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. நான் எங்கேயும் போகமாட்டேன். இங்கேயேதான் இருப்பேன்."

அதற்குப் பிறகு அமைதி.

அந்த நேரத்தில்தான் மின்சாரம் போயிற்று. வராந்தா விளக்கு அணைந்தது. பிரசவ வார்டில் யாரோ "யவ்வா, கரண்ட்டு!" என்று கத்தினார்கள். நீலவ்வா கையிலிருந்த கோப்பால் விசிறிக்கொண்டாள். அறைக்குப் பகலில் ஜன்னல் வெளிச்சம் போதும். டேப்லெட் பேட்டரியில் ஓடும். இணைப்புப் பெட்டி அலுவலக அறை இன்வெர்ட்டரில் ஓடும். கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சுவர் விசிறிக்கு மட்டும் இன்வெர்ட்டர் கிடையாது.

மூன்றரை நிமிடம் கழித்துப் போன் அதிர்ந்தது. "படம் நின்னுபோச்சு. வெட்டிட்டுப் போடுங்க."

இரண்டு வருஷத்தில் அந்த வரி முந்நூறு தடவையாவது வந்திருக்கும். வரியைக் கண்டதும் கால் எழுந்துவிடும், கை நீண்டுவிடும். நீலவ்வா சத்தமில்லாமல் உள்ளே போனாள். சிவலீலாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு மூச்சுகூட விடாத மாதிரி விறைத்திருந்தது. குழந்தையின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுத்தது. கறுப்புச் சதுரம்.

சிவலீலா திரும்பி அவளைப் பார்த்தாள். அழவில்லை. திறந்திருந்த வாயை மெதுவாக மூடினாள். அப்போதுதான் நீலவ்வாவுக்குத் தலைக்கு மேலே எந்த இரைச்சலும் இல்லை என்பது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி லைன் கிடைக்க ஆறு நிமிடம் ஆயிற்று. டாக்டர் முக்தா திரையில் வந்து மன்னிப்புக் கேட்டார். ஏன் அப்படி ஆயிற்று என்று, விசிறியைக் காட்டி, குழந்தைக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். சிவலீலா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகமாட்டேன் என்று சொன்னவர் போய்விட்டார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாலையில் டாக்டர் போன் செய்தார்.

"சிஸ்டர், நீங்க பொத்தானைத் தொடறப்போ... உங்க கையும் தெரிஞ்சுது, அவ உதடும் அசைஞ்சுது. அப்பத்தான் எனக்கு... படம் ஓடிக்கிட்டுதான் இருந்திருக்கு."

"கரண்ட் போனது எனக்குத் தெரியும் மேடம். நான் இருட்டுலதான் உக்காந்திருந்தேன். தெரிஞ்சே வந்து அமுக்கினேன்."

"அமுக்கச் சொன்னது நான்."

"விசிறியைக் காட்டினது நான் மேடம்."

இருவரும் பழியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். டாக்டரின் பயணத்தை நிறுத்தியவர்களில் ஒருவராவது அன்று மாலை அந்தப் பழியில் தன் பங்கைக் கேட்டிருப்பாரா? மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போக அனுமதி வேண்டும் என்று டாக்டர் முக்தா அன்றே எழுதினார். ஒன்பது நாளில் பதில் வந்தது. அதற்காகத்தானே கருவி வழங்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி.

பன்னிரண்டாவது செவ்வாய்க்கிழமை சிவலீலா வந்தாள். புலியைத் தொடவில்லை.

ஆனாலும் ஒரு வழி இருந்தது. அதை முதலில் சொன்னது டாக்டர்தான்: "பஞ்சமி முடிஞ்சு அவங்க வரப்போறது பெங்களூர்தானே? நானும் இங்கதானே இருக்கேன்! நேரிலேயே பார்க்கலாம். தரையில உக்காந்து பார்க்கலாம் சிஸ்டர்." விசிறி நின்ற நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவர் குரலில் உயிர் இருந்தது. நீலவ்வா முகவரியையும் பஸ் நம்பரையும் டாக்டரின் சொந்தப் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டாள். பஞ்சமியன்று பஸ் பிடித்துச் சிவலீலாவின் ஊருக்குப் போனாள்.

ஊரெல்லாம் வேப்பமரங்களில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. தாய்வீடு வந்த பெண்கள் கூச்சலும் பாட்டுமாக இருந்தார்கள். தேவக்கெம்மா எள்ளுருண்டையும் ரவை உருண்டையும் தட்டில் வைத்தாள். சிவலீலாவின் அப்பா பரமண்ணா காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்தான்.

"செவ்வாய்க்கிழமை லீவு கேட்டா மேஸ்திரி ஆளையே மாத்திருவாருக்கா. பாக்கிறேன்."

"பாக்கிறேன்னு சொல்லாதே. போறேன்னு சொல்லு."

"போறேன்."

அம்மா ரேவக்கா யாரோடும் ஊஞ்சலுக்குப் போகவில்லை. கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் அவளுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நீலவ்வா பக்கத்தில் குந்தினாள். சிவலீலா ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் ரேவக்கா கேட்டாள்:

"பேச ஆரம்பிச்சா அவ என்ன சொல்லுவா சிஸ்டர்?"

"ஏன்? உனக்கென்ன பயம்?"

ரேவக்காவின் கை சாம்பலில் நின்றது. "நான்தான் அவளை மேஸ்திரிக்கு டீ வாங்கிட்டு வரச் சொன்னேன். தம்பியைப் பாத்துக்கிட்டு இருக்கேம்மான்னு சொன்னா. போடீன்னு அதட்டி அனுப்பினேன். அவ வர்றதுக்குள்ள..." சாம்பலை அள்ளிப் பாத்திரத்தில் தேய்த்தாள். "அவ அப்பா கேட்டப்போ, இவதான் பாத்துக்கிட்டு இருந்தான்னு நான் சொல்லிட்டேன். அவ என்னைப் பார்த்தா. அவ்வளவுதான். அன்னைக்கு மூடின வாய்."

அந்தச் செவ்வாய்க்கிழமை திறந்த வாய் இதைச் சொல்லத்தான் திறந்ததா, வேறெதையாவது சொல்லவா, நீலவ்வாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பள்ளத்தைத் தோண்டித் தண்ணியை ரொப்பினவன் சுத்தி நாலு கட்டை நட்டிருந்தா உன் புள்ள செத்திருப்பானா?" என்றாள். "குத்தம் அவனோடது. உன்னோடதும் இல்லை, அவளோடதும் இல்லை. டீ வாங்க அனுப்பினது நான்தான்டி கண்ணுன்னு அவகிட்ட நீ சொல்லணும். டாக்டர் சொல்றதைவிட அதுதான் பெரிசு. இன்னைக்கே சொல்லு."

"இங்க வேணாம் சிஸ்டர். எல்லாரும் இருக்காங்க. பெங்களூர் போனதும் சொல்றேன். டாக்டரம்மா முன்னாடி சொல்றேன்."

பஸ் ஏறும்போது சிவலீலா வாசலில் நின்றாள். நீலவ்வா கையசைத்தாள். அவள் அசைக்கவில்லை. ஆனால் பஸ் திரும்பும்வரை உள்ளே போகவும் இல்லை.

அந்த மாதம் நான்கு செவ்வாய்க்கிழமையும் டாக்டர் முக்தா மதிய நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தார். தரையில் பாய் விரித்து, மிருகங்களை எடுத்து வைத்தார். யாரும் வரவில்லை. பரமண்ணாவின் போன் அணைந்துகிடந்தது. ஐந்தாவது வாரம் தேவக்கெம்மா தகவல் சொன்னாள்: பழைய கட்டடம் முடிந்துவிட்டது, மேஸ்திரி ஆட்களைப் பெங்களூரிலேயே வேறெங்கோ கூட்டிப்போய்விட்டார், எந்தப் பக்கம் என்று அண்ணன் சொல்லவில்லை.

டாக்டரும் குழந்தையும் இப்போது ஒரே ஊரில் இருக்கிறார்கள். கருவி தேவைப்படாத தூரம்.

கரேகுட்டா பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. வராமல் நின்றுபோன குழந்தைகளுக்கு அதில் "தொடர்பு விட்டது" என்று எழுதி மூடிவிட வேண்டும். மூன்று மாதமாகக் கணினிக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான். "முடிச்சிருங்க சிஸ்டர், கணக்கு இடிக்குது." நீலவ்வா முடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வந்ததும் முதல் வேலையாகப் பரமண்ணாவின் எண்ணை அழுத்துகிறாள். அணைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள்.

"அதையே எத்தனை தடவை கேப்பீங்க நீலக்கா?" என்றாள் உசேன்பி ஒருநாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"பாதியில வெட்ட எனக்குக் கை வரலை."

இதைப் படிப்பவர்களில் பலர் பெங்களூரில் இருப்பீர்கள். உங்கள் தெருமுனையிலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். நாளை காலை வேலைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் அங்கே நில்லுங்கள். தண்ணீர்ப் பள்ளத்துக்கு வேலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேஸ்திரியிடம் கேளுங்கள், முதலாளியின் பேரைக் கேளுங்கள், வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மணல் குவியலுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாராவது கண்ணில் பட்டால், அதன் அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். மேஸ்திரி லீவு தரமாட்டார் என்று அவள் சொல்வாள். மேஸ்திரியிடம் நீங்கள் போய்க் கேளுங்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர்களோடு போங்கள்.